ஷெரிப்புக்குக் காக்கிச் சட்டை மாட்டாதீர்கள்

தமிழில் மொழிபெயர்க்கிறவர்களுக்கும், அகராதி தொகுக்கிறவர்களுக்கும், வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு பிழைதிருத்துநர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் ஒற்றும் காற்புள்ளியும் பார்ப்பது என் பிழைப்பு. பொருளில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான். போன மாதம் வந்த ஒரு பிரதியில் கேள்விக்குறி போட்டுப் போட்டு ஓரமே கறுத்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

இடைக்கால இங்கிலாந்தின் வரலாற்றைச் சொல்லும் நூல் அது. மொழிபெயர்ப்பு மோசமில்லை, நடை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் 41ஆம் பக்கத்தில் ‘மாவட்டக் காவல்துறைத் தலைவர்’ ஒருவர் மூட்டை மூட்டையாக வெள்ளிக் காசு எடுத்துக்கொண்டு அரசனின் கருவூலத்துக்குக் கணக்குக் கொடுக்கப் போகிறார். போலீஸ் அதிகாரி எதற்காக வெள்ளி கட்ட வேண்டும்? சரி, லஞ்சமோ என்னவோ என்று படித்துக்கொண்டே போனேன். 97ஆம் பக்கத்தில் ‘நகரத் தந்தை’ வருகிறார். 130இல் ‘நீதிபதி’. 163இல் ‘வைகவுண்ட் பிரபு’. மூலத்தை வரவழைத்துப் பார்த்தேன். நால்வரும் ஒரே ஆள். மூன்று இடங்களில் ஷெரிப் என்றிருந்தது. நான்காவது இடத்தில் அதே பதவியின் லத்தீன் பெயர்.

மொழிபெயர்த்தவர் சோம்பேறி இல்லை. அகராதியைப் புரட்டித்தான் எழுதியிருக்கிறார். ஓர் அகராதியில் காவல்துறைத் தலைவர் என்று இருக்கிறது, இன்னொன்றில் நகரப் பெருமகன் என்று இருக்கிறது. எந்தக் காலத்தில், எந்த நாட்டில் என்று எதிலும் இல்லை. இடத்துக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கௌபாய் படங்களில் மார்பில் நட்சத்திரம் குத்திக்கொண்டு துப்பாக்கியோடு வருகிற ஆள்தான் நம் மனதில் ஷெரிப். ராபின் ஹூட் கதையின் ஷெரிப்புக்கும் அதே உடுப்பை மாட்டிவிடுகிறோம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் போலீஸ் என்று ஒரு துறையே கிடையாது. லண்டன் மாநகரப் போலீஸ் உண்டானது 1829இல்.

அப்படியானால் இடைக்கால ஷெரிப் யார்? பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஷிர்’ என்றால் பொறுப்பு, ஆளுகை. பிறகு அந்த ஆளுகைக்கு உட்பட்ட நிலப்பகுதிக்கும் அதுவே பெயராயிற்று. யார்க்ஷயர், பெர்க்ஷயர் என்று இன்றும் ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். ‘கெரேஃபா’ என்றால் இன்னொருவருக்காகச் சொத்தையும் வசூலையும் பார்த்துக்கொள்கிறவர். இந்தச் சொல் தேய்ந்து ‘ரீவ்’ ஆனது. பண்ணைக்கு ஒரு ரீவ், சந்தை ஊருக்கு ஒரு ரீவ், ஷயருக்கு ஒரு ரீவ். ஷயர் ரீவ்தான் வாயில் உருண்டு உருண்டு ஷெரிப் ஆனார்.

‘ரீவ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. என் தாத்தா மணியக்காரராக இருந்தவர். தீர்வை வசூல், ஊர்ச் சண்டையில் முதல் விசாரணை, பிணம் கிடந்தால் மேலே தகவல், அதிகாரி வந்தால் தங்க இடம், எல்லாம் அவர் தலையில்தான். அவரைப் போலீஸ் என்று யாரும் சொன்னதில்லை, நீதிபதி என்றும் சொன்னதில்லை. ஷெரிப்பும் அந்த மாதிரி வேலைதான் பார்த்தார், ஊர் அளவில் இல்லாமல் ஒரு ஷயர் அளவில். நாட்டு மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு என்பதை இங்கே சோழர் கல்வெட்டில் வருகிற அர்த்தத்தில், சில ஊர்கள் சேர்ந்த பகுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சின் வடக்கிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன்பே, இந்தப் பதவி துலக்கமாகத் தெரிகிறது. ஷயர்களுக்கு மேலே பெரிய பிரபு ஒருவர் இருப்பார். அவர் தன் பலத்தில் நிற்பவர். ஷெரிப் அப்படியில்லை, அரசனின் ஆள். அரச நிலங்களின் வருமானம், அபராதம், அரசனுக்கு வர வேண்டிய பாக்கி, இதெல்லாம் அவர் கையில். 1066இல் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபோது அந்தப் பதவியை ஒழிக்கவில்லை. ஆளை மட்டும் மாற்றினார். நார்மன் பிரபுக்கள் ஷெரிப் ஆனார்கள். ஆவணங்கள் லத்தீனில் எழுதப்பட்டதால் ஷெரிப்புக்கு ‘விசெகோமெஸ்’ என்று பெயர் வந்தது.

163ஆம் பக்கத்து வைகவுண்ட் பிரபு பிறந்தது இப்படித்தான். விசெகோமெஸ் என்ற அதே சொல்லின் பிரெஞ்சு வடிவத்திலிருந்துதான் வைகவுண்ட் என்ற பட்டமும் வந்தது. ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பட்டம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 1440இல். அதற்கு முந்தைய இங்கிலாந்து ஆவணத்தில் விசெகோமெஸ் என்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஷெரிப் என்று எழுதிவிடலாம். என்னோடு பணியாற்றும் ஒருவர் கேட்ட கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். இந்த ஷெரிப்புக்கும் அரபியிலிருந்து வந்த ஷெரீப் என்ற பெயருக்கும் எந்த உறவும் இல்லை. காதுக்கு ஒன்றாக ஒலிக்கிறது, அவ்வளவே.

இனி அந்த வெள்ளி மூட்டைக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஷெரிப்புக்கு அரசன் சம்பளம் கொடுக்கவில்லை. ஷெரிப்தான் அரசனுக்குப் பணம் கட்டினார். இந்த ஷயரின் பழைய வருமானங்களுக்காக ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி வைத்திருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் மேலே வசூலானது ஷெரிப்பின் பாடு. குறைந்தால் கைக்காசு போட வேண்டும். ஆங்கில நூல்களில் இதற்கு ‘ஃபார்ம்’ என்று இருக்கும். நம் பிரதியில் அது ‘மாவட்டப் பண்ணை’ என்று மொழிபெயர்ந்திருந்தது. ஐயா, அது பண்ணை இல்லை, குத்தகை! ஏரி மீன் குத்தகை, சந்தை வரிக் குத்தகை என்று தினமும் புழங்குகிற சொல் நம்மிடம் இருக்கும்போது மாடும் கோழியும் மேய்கிற பண்ணை எதற்கு?

குத்தகைத் தொகையை ஷெரிப் இரண்டு தவணையாகக் கட்டுவார். ஈஸ்டருக்கு ஒரு பகுதி, செப்டம்பர் 29இல் வரும் மிக்கேல் அதிதூதர் திருநாளுக்கு மீதி. அந்த இரண்டாம் தவணையின்போதுதான் முழுக் கணக்கும் பார்ப்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் அது எப்படி நடந்தது என்று, கருவூலப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் கேள்வி பதிலாக எழுதி வைத்திருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குத் தாத்தாவின் ஜமாபந்திதான் ஞாபகத்துக்கு வந்தது. ஜமாபந்திக்கு முதல் நாள் ராத்திரி அவரும் கர்ணமும் திண்ணையில் லாந்தரை வைத்துக்கொண்டு அடங்கலையும் சிட்டாவையும் மாற்றி மாற்றிச் சரிபார்ப்பார்கள். வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது.

அங்கே பத்தடி நீளம் ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கறுப்புத் துணி, துணியில் கட்டம் கட்டமாகக் கோடு. சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால்தான் அந்த அலுவலகத்துக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது. இன்றும் பிரிட்டனில் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்தத் துணி இருக்கிறது. ஒரு பக்கம் ஷெரிப்பும் அவருடைய ஆட்களும், மறுபக்கம் கருவூலத் தலைவரும் எழுத்தர்களும். வலதோரப் பத்தியில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, அப்புறம் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். ஷெரிப் கட்ட வேண்டியதை மேல் வரிசையில் வில்லை வில்லையாக வைப்பார்கள். கட்டியதைக் கீழ் வரிசையில் வைப்பார்கள். பிறகு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எடுத்துக்கொண்டே வர, மிஞ்சுவது பாக்கி. எழுத்து வாசனை இல்லாதவருக்கும் கண்ணெதிரே கணக்குத் தெரிந்துவிடும்.

கோட்டைச் சுவரைச் சரிசெய்தேன், அரசனின் ஒயின் பீப்பாய்களை வண்டி வைத்து அனுப்பினேன் என்று ஷெரிப் கழிவு கேட்கலாம். ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது, செலவழிக்கச் சொல்லி அரசனிடமிருந்து ஆணை ஓலை வந்திருக்க வேண்டும். சில ஷயர்களுக்கு வெள்ளியின் தரமும் சோதிக்கப்படும். ஒரு பவுண்டுக் காசை உருக்கிப் பார்த்து, எடை எவ்வளவு குறைகிறதோ அதை மொத்தத்துக்கும் கணக்கிட்டு ஷெரிப்பின் தலையில் கட்டுவார்கள். கணக்கு முடியாமல் மாட்டிக்கொண்ட ஷெரிப்பைக் காவலில் வைத்திருப்பது மார்ஷலின் வேலை. நம் பிரதியின்படி போலீஸ் தலைவரையே பிடித்து உள்ளே வைக்கிறார்கள்!

பணம் கட்டியதற்கு ரசீது காகிதத்தில் இல்லை, குச்சியில். ஹேசல் மரக் குச்சியில் வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனத்தில் ஒரு வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் வெறும் கீறல். பிறகு குச்சியை நெடுக்கில் பிளந்து ஷெரிப்புக்கு ஒரு பாதி, கருவூலத்துக்கு ஒரு பாதி. அடுத்த தடவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் கூடுதலாக ஒரு கீறல் போட்டாலும் மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறை 1826 வரை ஓடியது. மிஞ்சிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்ற அடுப்பில் போட்டு எரித்தார்கள். நெருப்பு பற்றிக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடமே போய்விட்டது. ஷெரிப்கள் வாங்கிய ரசீதுகளின் வம்சம் அப்படி முடிந்தது.

எழுதப்பட்ட கணக்குகள் ஆட்டுத்தோலில் இருக்கின்றன. குழாய் போலச் சுருட்டி வைத்ததால் பைப் ரோல் என்று பெயர். இன்று இருப்பவற்றில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டினுடையது. நம் பிரதியில் இது ‘குழாய்ச் சுருள்கள்’ என்று வந்திருக்கிறது. படித்தால் பிளம்பர் கடை மாதிரி இருக்கிறது. ‘சுருள் கணக்கு’ என்று எழுதினால் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குத்தகையில் ஷெரிப் மக்களைக் கசக்குகிறார், லாபமும் அவருக்கே போகிறது என்று கண்டபோது அரசர்கள் வேறு வழியும் பார்த்தார்கள். 1204இல் ஜான் அரசனும், 1236க்குப் பிறகு அவன் மகன் மூன்றாம் ஹென்றியும் சில ஷெரிப்களை, வசூலாவது அத்தனைக்கும் கணக்குக் காட்டு, உனக்கு இன்ன படி என்று நியமித்தார்கள். ஆங்கில வரலாற்று நூல்கள் இவர்களைக் காப்பாளர் ஷெரிப் என்கிற மாதிரி ஒரு சொல்லால் குறிக்கின்றன. மொழிபெயர்க்க முழி பிதுங்கும். ஆனால் நம் பழைய வருவாய்க் கணக்குகளில் இதற்கு அச்சு அசலாகச் சொல் இருக்கிறது. குத்தகைக்கு விடாமல் சர்க்காரே நேரடியாகப் பார்ப்பது அமானி. குத்தகை ஷெரிப், அமானி ஷெரிப் என்று எழுதிப் பாருங்கள், மூன்று பக்க விளக்கம் மிச்சமாகிறது.

வசூல் பாதி வேலைதான். மீதிப் பாதி அரசனின் ஓலைகள். நீதிமன்றத்துக்கு ஒருவரை வரவழைக்க வேண்டுமா, ஒருவரின் மாட்டை ஜப்தி செய்ய வேண்டுமா, நடுவர் குழுவுக்குப் பன்னிரண்டு பேரைத் திரட்ட வேண்டுமா, பிடுங்கப்பட்ட நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இன்ன ஷயரின் ஷெரிப்புக்கு அரசர் வாழ்த்துக் கூறி எழுதுவது என்று தொடங்கும் ஒரு சின்னத் தோல் துண்டு வரும். ஷெரிப் அதை நிறைவேற்றிவிட்டு, முதுகில் பதில் எழுதித் திருப்ப வேண்டும். அந்தப் பதில்களில் சில வாய்பாடு ஆகிவிட்டன. ஆள் அகப்படவில்லை. அவனிடம் ஜப்தி செய்ய ஒன்றுமில்லை. இந்த ஓலை மிகவும் தாமதமாக வந்தது, அதனால் நிறைவேற்ற முடியவில்லை. ஏதோ ஓர் அரசு அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தவர் யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. பொய்ப் பதில் எழுதுகிற ஷெரிப்களை அடக்க 1285இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் தனி அத்தியாயமே போட வேண்டியிருந்தது.

ஷயர் மன்றத்தைக் கூட்டுவதும் அவரே. 130ஆம் பக்கத்து ‘நீதிபதி’ அங்கேதான் தவறாகிறது. ஷெரிப் மன்றத்தை நடத்துவார். தீர்ப்புச் சொல்வது கூடியிருக்கும் நிலக்காரர்கள், நம் பழைய சொல்லில் நாட்டார். ஒரு குற்றவாளி வராமலே இருந்தால் அடுத்தடுத்து மன்றத்தில் அவன் பெயரைக் கூவுவார்கள். ஐந்தாவது தடவையும் வரவில்லை என்றால் அவன் சட்டத்துக்குப் புறம்பானவன். ராபின் ஹூட் என்று ஒருவன் நிஜமாகவே இருந்திருந்தால், அவனைக் காட்டுக்குத் துரத்தியது இப்படி ஐந்து கூவல்தான். சிறையும் ஷெரிப்பின் பொறுப்பு. கலகக்காரர்களையோ தப்பியோடியவர்களையோ பிடிக்க ஷயரில் தெம்புள்ள ஆண்களையெல்லாம் அவர் கூப்பிடலாம், கௌபாய் படத்தில் ஊர்க்காரர்களைக் குதிரையேற்றிக் கூட்டிக்கொண்டு போவது அதன் எச்சம். நாடாளுமன்றம் உருவான பிறகு ஷயரிலிருந்து ‘நைட்’ எனப்படும் வீரப்பிரபுக்கள் இரண்டு பேரைத் தேர்ந்து அனுப்பச் சொல்லும் ஓலையும் அவருக்கே வந்தது. தேர்தல் அதிகாரியும் அவரே! யாரை அனுப்பினார் என்பதில் தில்லுமுல்லு நடக்காமலா இருந்திருக்கும்?

இவ்வளவு அதிகாரம் ஒரு குத்தகைக்காரர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1170இல் இரண்டாம் ஹென்றி நான்கு ஆண்டு கழித்துப் பிரான்சிலிருந்து திரும்பியதும் ஷெரிப்கள் யாரிடம் எவ்வளவு பிடுங்கினார்கள் என்று ஊர் ஊராக விசாரணை வைத்தான். பெரும்பாலான ஷெரிப்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1194இல் ஷயருக்கு மூன்று வீரப்பிரபுக்களும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அரசனுக்கு உரிய வழக்குகளைப் பதிந்து வைக்கும் வேலை அவர்களிடம் போனது. எந்த ஷெரிப்பும் தன் சொந்த ஷயரில் அரச நீதிபதியாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தப் பதிவாளர்கள்தான் கரோனர்கள். கரோனா என்றால் லத்தீனில் மகுடம், மகுடத்தின் ஆள் என்பதால் கரோனர். நம் பிரதி இவர்களைப் ‘பிரேதப் பரிசோதகர்’ என்கிறது. அவர்கள் கத்தி வைத்து அறுத்தவர்கள் இல்லை. சந்தேகச் சாவை விசாரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் புதையல் கிடைத்தாலும் அவர்கள்தான், கப்பல் உடைந்து கரை ஒதுங்கினாலும் அவர்கள்தான். எதிலெல்லாம் அரசனுக்குப் பங்கு உண்டோ அதிலெல்லாம் ஷெரிப் கை வைக்குமுன் எழுதி வைத்துவிடுவது அவர்கள் வேலை.

1215இன் மாக்னா கார்ட்டாவை உரிமை சாசனம் என்று பள்ளியில் படித்தோம். ஷெரிப்பை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அது பாதி புகார் மனு. ஷெரிப் அரசனுக்கு உரிய வழக்குகளை நடத்தக் கூடாது. ஷயர் குத்தகையைப் பழைய தொகைக்கு மேல் ஏற்றக் கூடாது. சம்மதம் இல்லாமல் எவருடைய குதிரையையும் வண்டியையும் ஷெரிப் எடுக்கக் கூடாது. நாட்டின் சட்டம் தெரிந்தவரையும் அதன்படி நடக்க நினைப்பவரையும் தவிர வேறு யாரையும் ஷெரிப் ஆக்கக் கூடாது. பெயர் சொல்லியே சிலரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் பிரிவும் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் பிலிப் மார்க் என்று ஒருவர். 1208 முதல் நாட்டிங்ஹாம்ஷயருக்கும் டெர்பிஷயருக்கும் சேர்த்து ஷெரிப்பாக இருந்தவர். சாசனமே நீக்கச் சொன்ன பிறகும் 1224 வரை அசையவில்லை மனிதர்.

நாட்டிங்ஹாம் என்றதும் உங்களுக்கு ராபின் ஹூட் கதைதான் நினைவுக்கு வரும். பழைய பாட்டுகளில் அந்த ஷெரிப்புக்குப் பெயர் கிடையாது. பிலிப் மார்க்தான் அவர் என்று சிலர் ஊகிக்கிறார்கள், ஊகம்தான். ஒரு சுவையான சங்கதி உண்டு. நாட்டிங்ஹாம் ஊருக்கென்று தனியாக ஷெரிப் வந்தது 1449இல், அரசரின் சாசனம் மூலம். அதற்கு முன்னால் இருந்தவர் இரண்டு ஷயருக்கும் பொதுவான ஷெரிப். அதனால் நாட்டிங்ஹாம் ஷெரிப்பை ‘நகர ஆணையர்’ என்று துணைத்தலைப்பில் போடும்போது தப்பு இரண்டாகிறது, வேலையும் தப்பு, ஊரும் தப்பு.

ஷெரிப் என்றால் ஆண் என்றும் முடிவு கட்ட வேண்டாம். லிங்கன் கோட்டையைக் கையில் வைத்திருந்த நிக்கோலா டி லா ஹேயை, சாகும் தறுவாயில் இருந்த ஜான் அரசன் 1216 அக்டோபரில் லிங்கன்ஷயர் ஷெரிப்களில் ஒருவராக்கினான். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். அடுத்த மே மாதம் லிங்கனில் சண்டை நடந்து எதிரிகள் சிதறும்வரை கோட்டையை அவர் விடவில்லை. நம் பிரதியில் அவர் ‘ஷெரிப்பின் மனைவி’ ஆகியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

அப்புறம் இறங்குமுகம். 1258இல் ஷெரிப் அந்தந்த ஷயரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பிரபுக்கள் நிபந்தனை வைத்தார்கள். 1340இல் ஓராண்டு என்பது சட்டமானது. 1361இல் அமைதி நீதிபதிகள், அதாவது சிறு வழக்குகளை விசாரிக்க அரசன் நியமித்த உள்ளூர்ப் பெரியவர்கள், வந்தார்கள். ஷெரிப் ஆண்டுக்கு இரண்டு தடவை சுற்றுப்பயணம் போய்ச் சில்லறைக் குற்றங்களை விசாரித்து வந்தார். 1461இல் அந்த வழக்குகளும் அமைதி நீதிபதிகளுக்குப் போய்விட்டன. ஒரு காலத்தில் காசு கொட்டி வாங்கிய பதவியை, வேண்டாம் சாமி என்று விலக்குக் கேட்டு வாங்குகிற நிலை வந்தது. செலவு கைக்காசு, கௌரவம் மட்டும் மிச்சம்.

ஊருக்கு ஊர் வேறு மாதிரி வளர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். லண்டன்வாசிகள் 1199இல் ஜான் அரசனிடம் ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு ஷெரிப் பதவியையே குத்தகை எடுத்து, தாங்களே ஷெரிப்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் அங்கே ஷெரிப் இருவர். ஸ்காட்லாந்தில் அது பரம்பரைப் பதவியாகி, 18ஆம் நூற்றாண்டில் பரம்பரை ஒழிக்கப்பட்டு, இப்போது ஷெரிப் என்றால் அங்கே நிஜமாகவே நீதிபதி. அமெரிக்காவில் 1634இல் வர்ஜீனியாவில் கவுண்டிகளோடு வந்து இறங்கியவர் பின்னாளில் நட்சத்திரம் குத்திக்கொண்டார். சென்னைக்கும் வந்தார். 1726இல் முதலாம் ஜார்ஜ் அளித்த சாசனம் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் மேயர் நீதிமன்றம் கொடுத்தபோது அதன் ஆணைகளை நிறைவேற்ற ஷெரிப்பும் கூடவே வந்தார். சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது என்று கிட்டத்தட்ட அமீனா வேலை. கடைசியில் விமான நிலையத்தில் வெளிநாட்டு விருந்தினருக்கு மாலை போடும் கௌரவப் பதவியாகி, 1990களின் இறுதியில் சென்னையில் அதுவும் இல்லாமல் போனது. ‘நகரத் தந்தை’, ‘நகரப் பெருமகன்’ எல்லாம் இந்தக் கடைசிக் கால மாலைபோடும் ஷெரிப்பைப் பார்த்து உண்டான சொற்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரை எண்ணூறு ஆண்டு பின்னால் தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்செக்கர் மேசை முன் உட்கார வைத்தால் பாவம், மாலையோடு முழிப்பார்.

சரி, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பாளர்களே, ஷெரிப் என்ற சொல்லை ஷெரிப் என்றே விடுங்கள். இன்ஸ்பெக்டரையும் கலெக்டரையும் ஏற்றுக்கொண்ட வாசகருக்கு இது தொண்டையில் சிக்காது. முதல் தடவை வரும்போது மட்டும், ‘ஷயருக்கு அரசன் வைத்த மணியக்காரர், வரியைக் குத்தகை எடுத்தவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று பதிப்பாளர் பிடிவாதம் பிடித்தால் நாட்டு மணியக்காரர் என்று போடுங்கள், நான் கேள்விக்குறி போட மாட்டேன். கலெக்டர் என்று போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வசூலும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதால் நெருக்கமாகத்தான் வருகிறது. ஆனால் கலெக்டர் மாதச் சம்பளக்காரர், பதவியைக் குத்தகை எடுத்தவர் இல்லை. அமானி ஷெரிப்புக்கு வேண்டுமானால் ஒருவாறு பொருந்தும்.

அகராதிக்காரர்களே, ஷெரிப் என்ற பதிவுக்கு ஒரே ஒரு வரிப் பொருள் போதாது. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஒன்று, ஸ்காட்லாந்தில் இன்று ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, பழைய சென்னையில் ஒன்று என்று நாலு வரி ஒதுக்குங்கள். நூற்றாண்டையும் குறியுங்கள். பொருளைவிட அந்த எண்தான் எங்களைக் காப்பாற்றும்.

வசனம் எழுதுகிறவர்களே, உங்களுக்கு இடமும் நேரமும் இல்லை என்பது தெரியும். ‘காவல்துறைத் தலைவர்’ என்பதைவிட ‘ஷெரிப்’ சின்னச் சொல். வாயசைவுக்கும் ஒத்துவரும்.

மொழிபெயர்ப்பாளரிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். இல்லை, பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அண்ணே, அப்ப கான்ஸ்டபிள்?’ என்றார். லத்தீனில் அது குதிரை லாயத்துத் தலைவன் என்றும், பிரான்சில் அரசனுக்கு அடுத்த படைத்தலைவன் வரை உயர்ந்தது என்றும், இங்கிலாந்தில் கோட்டைத் தலைவனையும் கிராமத்து ராக்காவல்காரனையும் ஒரே பெயரால் அழைத்தார்கள் என்றும் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எல்லா இடத்தையும் திரும்பப் பார்க்கிறேன் என்றார்.

திருத்திய பிரதி நேற்று வந்தது. ஷெரிப் எல்லா இடத்திலும் ஷெரிப்பாக இருக்கிறார், பண்ணை குத்தகையாகிவிட்டது, நிக்கோலா அம்மாள் பதவியில் அமர்ந்துவிட்டார். 212ஆம் பக்கத்தில் மட்டும் அரசனின் சேம்பர்லின் ‘அறைப் பணியாளர்’ என்று நிற்கிறார். படுக்கையறைக்குப் பக்கத்தில்தான் அரசனின் பணப்பெட்டியும் இருந்தது என்று நாளைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களின் ஓரத்தில் கேள்விக்குறி போடும் ஒருவன்